என் விளக்கை நானே திறந்தால் கேஸ் வருமா?

கேள்வி: கோவையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். ஒரு சின்ன அறையில் தட்டுகளில் கடுகு, வெந்தயம், முள்ளங்கி என்று மைக்ரோகிரீன் வளர்க்கிறேன். அதற்காக 6,800 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் ஒரு ஸ்மார்ட் குரோ லைட் வாங்கினேன். வைஃபையில் இணைத்து ஆப் மூலம் இயக்க வேண்டும். பெட்டியில் ‘தானாக இயங்கும் நேர அட்டவணை’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஆனால் நெட் போனால் அட்டவணையும் போய்விடுகிறது. கரண்ட் போய் வந்தால் விளக்கு ராத்திரி முழுக்க முழு வெளிச்சத்தில் எரிகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார்கள். விளக்குக்குள் ஈ.எஸ்.பி.8266 சிப்தான் இருக்கிறதாம். டாஸ்மோட்டா என்ற இலவச ஃபர்ம்வேரை அதில் ஏற்றினால் நெட் இல்லாமலே ஓடும் என்கிறார்கள். எனக்கு சால்டரிங் வரும். இதே விளக்கு வைத்திருக்கும் நண்பர்களும் ஆளுக்கு 500 ரூபாய் தருகிறோம், எங்களுக்கும் செய்து கொடு என்கிறார்கள். ஸ்க்ரூ மேலே ‘ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி கிடையாது’ என்று ஒட்டியிருக்கிறது. 2 வருட வாரண்டியில் பாதிக்கு மேல் பாக்கி. அப்படி ஸ்டிக்கர் ஒட்டுவதே சட்டவிரோதம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என் மைத்துனரோ, ஐ.டி. சட்டத்தில் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்கிறார். எது உண்மை?

பதில்: உங்கள் மைத்துனரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்ட ஒரு வழக்கு இருக்கிறது. சையது ஆசிஃபுதீன் என்பவர் உள்ளிட்டோர் தொடர்ந்து, 2005-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் அப்போது சந்தாதாரர்களுக்கு மலிவு விலையில் செல்ஃபோன் கொடுத்தது. அந்த ஃபோனில் அவர்களுடைய இணைப்பு மட்டுமே வேலை செய்யும்படி பூட்டியிருந்தது. போட்டியாளரான டாடா இண்டிகாமின் ஊழியர்கள், ஃபோனுக்குள் பதிந்திருந்த மின்னணு வரிசை எண்ணை மாற்றி வாடிக்கையாளர்களைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள் என்பது புகார். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்டு அவர்கள் நீதிமன்றம் போனார்கள். செல்ஃபோனும் சட்டப்படி கம்ப்யூட்டர்தான், அதற்குள் இருக்கும் நிரலில் கை வைப்பது ஐ.டி. சட்டத்தின் 65-வது பிரிவில் வரும், விசாரணை நடக்கட்டும் என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். அந்தப் பிரிவில் 3 வருடம் வரை சிறை உண்டு.

செல்ஃபோன் கம்ப்யூட்டர் என்றால் சிப் வைத்த உங்கள் விளக்கும் கம்ப்யூட்டர்தான். அந்த அளவில் மைத்துனர் சொல்வது சரி. அதற்கு மேல் அந்த வழக்கு உங்களைத் தொடாது என்பது என் கருத்து. முதலில், அது குற்றம் நிரூபணமானதாகச் சொன்ன தீர்ப்பல்ல. விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னது. அங்கே ஒப்பந்தத்தோடு மலிவாகக் கொடுத்த ஃபோனில் போட்டிக் கம்பெனி வியாபாரத்துக்காகக் கை வைத்தது. இங்கே முழு விலை கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவரே மாற்றுகிறார். முக்கியமானது பிரிவின் வாசகம். சட்டப்படி வைத்திருக்க அல்லது பராமரிக்க வேண்டிய மூல நிரலை அழித்தால், மாற்றினால்தான் 65 பாயும். செடி விளக்கின் நிரலை இன்னார் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆந்திர நீதிமன்றம் அந்த ‘அல்லது’வை வைத்து வாசகத்தை இரண்டாகப் பிரித்து, பிரிவை அகலமாக்கிப் படித்தது. அந்தப் படிப்பு எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

அடுத்து, அதே சட்டத்தின் 43, 66 பிரிவுகள். உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதைத்தான் 43 தடுக்கிறது. விளக்கின் உரிமையாளர் நீங்கள். உங்களிடம் நீங்களே அனுமதி கேட்க வேண்டியதில்லை. 66-ன்படி அது குற்றமாக வேண்டுமானால் நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணமும் வேண்டும்.

ஆனால் ஒரு இடத்தில் கால் வைக்காதீர்கள். பழைய ஃபர்ம்வேரை வெளியே எடுத்தால் அதில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு மட்டுமல்ல, கம்பெனி சர்வரோடு பேச விளக்கு பயன்படுத்தும் சாவிகளும் கிடைக்கலாம். சிலருக்கு அங்கேதான் கை அரிக்கும்: அந்தச் சாவியை வைத்து சர்வரில் வேறு என்னவெல்லாம் திறக்கிறது, பார்த்துவிடலாமே என்று. விளக்கு உங்களுடையது, சர்வர் அவர்களுடையது. ஆப்பில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதியைத் தாண்டி அங்கே நுழைந்தால் 43 நேராக உங்கள் மேல் பாயும். அப்போது மைத்துனர் சொன்னதுதான் நடக்கும். வெளியே எடுத்த அந்த ஃபைலை அப்படியே யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். உங்கள் வீட்டு பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்தது போலாகும்.

பதிப்புரிமைக்கு வருகிறேன். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் கம்ப்யூட்டர் நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. நாவலும் சிறுகதையும் உங்கள் விளக்கின் ஃபர்ம்வேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் நகலெடுப்பதும் மாற்றி எழுதுவதும் ஆசிரியரின் உரிமை. ஆனால் நீங்கள் செய்யப்போவது என்ன? பழைய நிரலை அழித்துவிட்டு, வேறு யாரோ எழுதி எல்லோருக்கும் கொடுத்த நிரலை ஏற்றுகிறீர்கள். வாங்கிய புத்தகத்தை எடைக்குப் போட்டால் பதிப்பாளர் வழக்குப் போட முடியாது. அழிப்பதற்கு முன் பேக்கப் எடுத்து வைப்பதையும் 52-வது பிரிவு அனுமதிக்கிறது, நிரல் தொலைந்தாலோ கெட்டாலோ மறுபடி பயன்படுத்திக்கொள்வதற்காக என்றால். அவசியம் எடுத்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். பழைய ஃபர்ம்வேரையே கொஞ்சம் திருத்தி உங்கள் சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லாமல் ஓட்டினாலும் அதே பிரிவின் தொடக்க உட்பிரிவுகளில் ஒன்று உங்களைக் காக்கும். 1999-ல் திருத்தம் செய்தபோது சேர்த்தது அது. நம் சட்டத்தில் இவ்வளவு தாராளமான வாசகம் அபூர்வம்.

படைப்பைக் காக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பது பற்றி 2012-ல் இதே பதிப்புரிமைச் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. 2 வருடம் வரை சிறை. பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால்தான் அது குற்றம். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. தவிர, நீங்கள் சொல்லும் சிப்பில் உடைப்பதற்குப் பெரும்பாலும் பூட்டே இருக்காது. அமெரிக்க வீடியோக்களில் இதைப் பற்றிக் கேட்கும் பயமுறுத்தல் அவர்கள் ஊர்ச் சட்டத்துக்கானது. அங்கே எண்ணம் பார்ப்பதில்லை.

வீடியோ என்றதும் ஸ்டிக்கர் ஞாபகம் வருகிறது. நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்க வீடியோவாகவோ, அதைப் பார்த்து எடுத்ததாகவோ இருக்கும். வாரண்டிக்காக இந்தக் கடையில்தான், இந்த உதிரிபாகத்தில்தான் பழுது பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த அங்கே 1975 முதல் தடை உண்டு. இந்த மாதிரி வாரண்டி நிபந்தனைகளுக்காக 2018-ல் 6 கம்பெனிகளுக்கு அங்குள்ள வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்தது, அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தது. இணையதளத்தை வைத்து யார் மேலும் வழக்குப் போட முடியாது.

ஆனாலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தொகை விஷயம் பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. நமக்கு வேண்டியது அந்த உத்தரவில் இருக்கும் ஒரு கட்டளை. வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது; வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதமோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றது ஆணையம். கார்களுக்குச் சொன்னதுதான், விளக்குக் கம்பெனியைக் கட்டாது. ஆனால் எல்.இ.டி. பலகை தானாக மங்கிப்போய், கம்பெனி ஸ்டிக்கரைக் காட்டிக் கைவிரித்தால், நுகர்வோர் ஆணையத்தில் இதை எடுத்து வைத்து வாதாடலாம். கெட்டுப்போனது பலகை, நான் மாற்றியது நிரல் என்று சொல்ல முடியும். ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகு வைஃபை வேலை செய்யவில்லை என்று போய் நின்றால் மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

நியாயமற்ற ஒப்பந்தம் என்று அந்த ஸ்டிக்கர் நிபந்தனையையே எதிர்க்கவும் 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்த வகைப் புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 6,800 ரூபாய் விளக்குக்கு அந்த அலைச்சல் கட்டுபடியாகாது.

நண்பர்கள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. 500 ரூபாய் வாங்கிய நிமிடம் நீங்கள் சேவை வழங்குபவர். வேலையில் குறை வந்தால் அதே நுகர்வோர் ஆணையத்துக்கு உங்களை அழைக்கலாம். நண்பர்தானே என்று நினைப்பீர்கள். விளக்கு தீப்பிடித்து அவர் மனைவியின் தையல் மெஷின் கருகிய பிறகு அவர் அப்படி நினைப்பாரா? பழைய ஃபர்ம்வேரை நீங்கள் திருத்தி அவர்களுக்கும் ஏற்றினால், ‘சொந்த உபயோகம், வியாபாரம் இல்லை’ என்ற பாதுகாப்பும் போய்விடும். டாஸ்மோட்டா மட்டும் ஏற்றினால் அந்தச் சிக்கல் இல்லை. பூட்டுள்ள வேறு மாடலை யாராவது கொண்டுவந்தால், அவருடைய பெயர், முகவரி, எதற்காகச் செய்கிறார் என்ற விவரங்களை நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும் என்கிறது 65-ஏ. சட்டம் இவ்வளவு நுணுக்கமாக நோட்டுப் போடச் சொல்லும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

விளக்குகளை வாங்கி, மாற்றி, விற்கும் யோசனை வந்தால் என்னிடம் கேட்காமல் இறங்காதீர்கள். பொருளை மாற்றிய விற்பனையாளர், அந்த மாற்றம்தான் விபத்துக்கு முக்கியக் காரணம் என்றால், தயாரிப்பாளர் போலவே பொறுப்பேற்க வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-வது பிரிவு சொல்கிறது. கம்பெனி லோகோவோடு விற்றால் டிரேட் மார்க் சட்டமும் குறுக்கே வரும். டாஸ்மோட்டா ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருவது. விற்கும் ஒவ்வொரு விளக்கோடும் மூல நிரலைத் தரவோ, கேட்டால் தருவதாக எழுதிக் கொடுக்கவோ வேண்டும். இலவசம் என்பதால் நிபந்தனை இல்லை என்று அர்த்தமில்லை.

ரேடியோ அலை பற்றி நீங்கள் கேட்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005 முதல் லைசென்ஸ் தேவையில்லை. அந்த வரம்புக்கு வெகு கீழேதான் உங்கள் சிப் இருக்கிறது. பெரிய ஆண்டெனா எதையும் சேர்க்காதவரை இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கரண்ட் பற்றி யோசித்தே ஆக வேண்டும். இந்த மலிவு விளக்குகள் பலவற்றில் 230 வோல்ட் பக்கத்துக்கும் சிப் பக்கத்துக்கும் நடுவே தடுப்பு இருக்காது. விளக்கின் பிளக் சுவரில் இருக்கும்போதே லேப்டாப் ஒயரைச் சிப்பில் இணைத்தால் மெயின் கரண்ட் லேப்டாப் வரைக்கும் வரும், உங்கள் கை வரைக்கும் வரும். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, லேப்டாப்பையும் சிப்பையும் இணைக்கும் அடாப்டரிலிருந்து வரும் 3.3 வோல்ட்டில் மட்டும் சிப்பை ஓட்டுங்கள். இதைச் சட்டப் பத்தியில் எழுதக் காரணம் உண்டு: திருத்திய பொருளால் காயம் பட்டால் விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கே போட முடியாது என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-வது பிரிவு. நீங்கள் இருப்பது வாடகை வீடு வேறு. உங்கள் கவனக்குறைவால் தீ என்றால் வீட்டுக்காரர் நஷ்ட ஈடு கேட்டு உங்களிடம்தான் வருவார்.

இனி பேக்கப் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஃபர்ம்வேரே அல்ல, அந்தப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வரி. தானாக இயங்கும் அட்டவணை என்று சொல்லி விற்ற விளக்கு நெட் இல்லாமல் அட்டவணையை மறந்துவிடுகிறது என்றால், அது பொருளில் குறைபாடு. விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்றும் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் தேவைப்பட்டால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கும். டாஸ்மோட்டா ஏற்றிய பிறகு அனுப்பினால் அங்கே என்ன இருக்கும்? குறையோடு இருந்த நிரலை நீங்களே அழித்திருப்பீர்கள். பேக்கப்பை மறுபடி ஏற்றிக் காட்டலாம்தான். ஆனால் எதிர்த் தரப்பு வக்கீல் அதை நம்ப மறுப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுப்பேன்.

அதனால் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ரவுட்டரை அணைத்து, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, விளக்கு எப்படி எரிகிறது என்று கடிகாரமும் தெரியும்படி வீடியோ எடுங்கள். பெட்டியின் அந்தப் பக்கத்தையும் பில்லையும் ஃபோட்டோ எடுங்கள். கஸ்டமர் கேரிடம் ஃபோனில் பேசியது போதும். மின்னஞ்சலில் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட ஆணையம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை; என் பிழைப்புக்கு நல்லதல்ல என்றாலும் சொல்லிவிடுகிறேன். பணம் திரும்பி வந்தால் விளக்கையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். டாஸ்மோட்டாவுக்கு அப்போது வேறு விளக்கு பார்த்துக்கொள்ளுங்கள்.