உறுதிமொழியால் உடன்பிறந்தோர்

ஒரு தாய் வயிற்றில் பிறந்தோர் உடன்பிறந்தோர் ஆவர். ஒரே குறிக்கோளுக்காக ஒரே உறுதிமொழியை ஏற்போரும் உடன்பிறந்தோர் போன்றவரே. முதல் உறவு பிறப்பால் அமைவது. இரண்டாம் உறவோ ஒழுக்கத்தால் காக்கப்பட வேண்டியது. உறுதிமொழியை மறந்தால் அவ்வுறவு வெறும் பெயரளவில் நின்றுவிடும். அவ்வாறு ஆகாமல் அதனைக் காத்துக்கொண்ட சிலரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

சங்கத்தின் தோற்றம்

1905 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள், புனே நகரில் கோபால கிருஷ்ண கோகலே 'இந்திய ஊழியர் சங்கம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். நாட்டுத் தொண்டையே வாழ்நாள் பணியாகக் கொள்ளும் இளைஞர்களை உருவாக்குவது அதன் நோக்கம். சங்கத்தில் சேர்வோர் ஐந்து ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். நூல்களைக் கற்பதோடு நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று மக்களின் நிலையை நேரில் அறிய வேண்டும்.

சேர்வோர் ஒவ்வொருவரும் ஏழு உறுதிமொழிகளை ஏற்றனர். எண்ணத்தில் நாட்டுக்கே முதலிடம் தருதல், தொண்டின் வழியாகத் தன்னலம் தேடாமை, சாதி சமய வேறுபாடின்றி இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதுதல், சங்கம் தரும் உதவித்தொகையைக் கொண்டு மனநிறைவோடு வாழ்தல், தூய வாழ்க்கை நடத்துதல், எவரோடும் சொந்தச் சண்டையில் ஈடுபடாமை, சங்கத்தின் குறிக்கோளுக்கு மாறாக எதுவும் செய்யாமை ஆகியன அவை. சொல்வதற்கு எளியவையாகத் தோன்றும் இவை வாழ்ந்து காட்டுவதற்கு அரியவை.

தலைவர் கற்ற பாடம்

பிறருக்கு உறுதிமொழிகளை வகுத்த கோகலே, சொல்லுக்குப் பொறுப்பேற்பது எத்துணைக் கடினம் என்பதை முன்னரே அறிந்திருந்தார். 1897 ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, புனேயில் கொள்ளைநோய்த் தடுப்புப் பணியில் ஈடுபட்ட படைவீரர்கள் மக்களிடம் முறைகேடாக நடந்துகொண்டனர் என்று நண்பர்கள் சிலர் அவருக்குக் கடிதம் எழுதினர். அதனை நம்பிய அவர், அச்செய்தியை அந்நாட்டு நாளிதழ் ஒன்றின் வழியே வெளியிட்டார்.

தாயகம் திரும்பியதும் அரசு அவரிடம் சான்று கேட்டது. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிட அவர் விரும்பவில்லை. வேறு வகையில் மெய்ப்பிக்கவும் இயலவில்லை. தம்மால் மெய்ப்பிக்க இயலாத குற்றச்சாட்டை வெளியிட்டதற்காக அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நாட்டு மக்களுள் பலர் அவரைக் கோழை எனப் பழித்தனர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. பழியைத் தாம் ஒருவரே சுமந்தார். நண்பர்கள் மீது அதனைத் தள்ளவில்லை.

வலங்கைமானிலிருந்து புனேவுக்கு

இச்சங்கத்தை நாடி வந்தவர்களுள் ஒருவர் தமிழர். கும்பகோணத்திற்கு அருகிலுள்ள வலங்கைமானில் 1869 ஆம் ஆண்டு பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, சென்னை திருவல்லிக்கேணியில் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியராகப் பெரும்புகழ் பெற்றிருந்தார். 1907 ஆம் ஆண்டு அவர் அப்பதவியை விட்டுச் சங்கத்தில் சேர்ந்தார். தமிழரான அவருக்கு மராத்தியரும் குஜராத்தியரும் இந்தி பேசுவோரும் உடன்பிறந்தோர் ஆயினர். வேற்றுமொழி பேசும் ஊரில் வாழ்ந்தும், உறுதிமொழி ஒன்றால் அவர் அவர்களோடு ஒரு குடும்பத்தவர் ஆனார்.

ஒரு விண்ணப்பமும் ஒரு சோதனையும்

1915 ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பினார். கோகலேயைத் தம் அரசியல் ஆசானாக அவர் மதித்தார். காந்தியடிகள் சங்கத்தில் சேர வேண்டும் என்பது கோகலேயின் விருப்பம். ஆயினும் அவருடைய கொள்கைகளும் செயல்முறைகளும் சங்கத்தின் போக்கிலிருந்து வேறுபட்டவை என உறுப்பினர் சிலர் தயங்கினர். அவர்கள் ஏற்காவிடினும் அதனை அன்புக்குறைவாகக் கருதலாகாது என்றும், முறைப்படி சேர்ந்தாலும் சேராவிடினும் தாம் காந்தியடிகளை உறுப்பினராகவே கருதுவதாகவும் கோகலே கூறினார்.

பிப்ரவரி 19 ஆம் நாள் கோகலே மறைந்தார். சாந்திநிகேதனத்தில் இருந்த காந்தியடிகள் செய்தி அறிந்து புனே விரைந்தார். ஆசானுக்குத் துக்கம் காக்கும் வகையில் ஓராண்டு காலணி அணிவதில்லை என முடிவு செய்தார். ஆசானின் விருப்பத்தை நிறைவேற்றச் சங்கத்தில் சேரவும் விண்ணப்பித்தார்.

உறுப்பினர்கள் கூடி நெடுநேரம் ஆராய்ந்தனர். ஒரு சாரார் ஆதரித்தனர். மற்றொரு சாரார் உறுதியாக எதிர்த்தனர். இரு சாராரும் சங்கத்தின் நலனையே எண்ணினர். எவரும் தம் கருத்தை மறைக்கவுமில்லை. எவரும் எவரையும் பழிக்கவுமில்லை. முடிவு எட்டப்படாமையால் கூட்டம் வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

காந்தியடிகள் கலங்கிய மனத்தோடு இருப்பிடம் திரும்பினார். பெரும்பான்மை வாக்கினால் உள்ளே நுழைவது கோகலேக்குச் செய்யும் நன்றியாகுமா என எண்ணிப் பார்த்தார். தம் பொருட்டு உடன்பிறந்தோர் இரண்டாகப் பிரிவது தகாது எனத் தெளிந்தார். ஒத்திவைத்த கூட்டத்தை மீண்டும் கூட்ட வேண்டா எனச் சாஸ்திரிக்குக் கடிதம் எழுதி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எதிர்த்தவர்களும் அவருடைய பெருந்தன்மையைப் போற்றினர். விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டமையே தம்மை உண்மையில் அச்சங்கத்தவர் ஆக்கியது எனக் காந்தியடிகள் பிற்காலத்தில் தம் வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

பெயரில்லாத உறுப்பினர்

அச்சொல் வெறும் சொல்லன்று. அதே ஆண்டு ஹரித்துவாரில் கும்பமேளா நடைபெற்றது. பெருந்திரளான மக்களுக்கு உதவச் சங்கத்தின் தொண்டர்கள் இருதயநாத் குன்ஸ்ருவின் தலைமையில் அங்குச் சென்றனர். காந்தியடிகளைச் சார்ந்த ஃபீனிக்ஸ் குழுவினரும் அவர்களுக்குத் துணையாயினர். மனிதக் கழிவுகளை மண்ணிட்டு மூடித் தூய்மை காக்கும் பணியை அக்குழுவினர் ஏற்றனர். பிறர் முகம் சுளிக்கும் வேலை அது. தம்மைச் சேர்த்துக்கொள்ளாத சங்கத்தின் பணிக்குத் தம்மவரைத் துணையாக நிறுத்தியதில் காந்தியடிகளுக்குச் சிறிதும் தயக்கம் இல்லை.

கருத்து வேறு, அன்பு வேறு

கோகலேக்குப் பின் சாஸ்திரி சங்கத்தின் தலைவரானார். பின்னாளில் ஒத்துழையாமை இயக்கத்தைக் காந்தியடிகள் தொடங்கியபோது, அது நாட்டுக்கு நன்மை தராது எனச் சாஸ்திரி வெளிப்படையாகக் கூறினார். கருத்து வேற்றுமை இறுதிவரை நீடித்தது. நட்பும் இறுதிவரை நீடித்தது. காந்தியடிகள் அவருக்கு எழுதிய கடிதங்களில் 'அன்புள்ள சகோதரரே' என்று விளித்தார். 1946 ஆம் ஆண்டு சாஸ்திரி நோயுற்றிருந்தபோது, சென்னைக்கு வந்த காந்தியடிகள் அவரை மருத்துவமனைக்கே சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17 ஆம் நாள் சாஸ்திரி மறைந்தார்.

உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பது ஒருவர்க்குப் பெருமை தரலாம். ஆனால் மானம் தருவது அப்பட்டியல் அன்று. ஏற்ற சொல்லைக் காப்பதும், தவறு நேர்ந்தால் ஒப்புக்கொள்வதும், மாறுபடும்போதும் அன்பு குறையாமையுமே மானம் தருவன. பள்ளியிலோ விளையாட்டுக் குழுவிலோ சாரணர் படையிலோ உறுதிமொழி கூறும் மாணவர் ஒவ்வொருவரும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

சொற்பொருள்

கொள்ளைநோய் – பலரை ஒருசேரத் தாக்கி உயிர் கொள்ளும் நோய்
மெய்ப்பித்தல் – உண்மை எனச் சான்றுடன் காட்டுதல்
சாரார் – பிரிவினர்
தகாது – பொருந்தாது
விளித்தல் – அழைத்தல்
மானம் – தன்மதிப்பு, பெருமை

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. இந்திய ஊழியர் சங்கம் ________ நகரில் தொடங்கப்பட்டது.
2. சீனிவாச சாஸ்திரி பிறந்த ஊர் ________.
3. சங்கத்தில் சேர்வோர் ________ ஆண்டுகள் பயிற்சி பெற்றனர்.

ஆ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.
1. கோகலே 1897 ஆம் ஆண்டு எதற்காக மன்னிப்புக் கேட்டார்?
2. காந்தியடிகள் தம் விண்ணப்பத்தை ஏன் திரும்பப் பெற்றார்?
3. ஹரித்துவாரில் ஃபீனிக்ஸ் குழுவினர் செய்த பணி யாது?

இ. பிரித்து எழுதுக.
பெருந்தன்மை, தன்னலம், அவ்வுறவு

ஈ. சிந்தித்து எழுதுக.
1. ஏழு உறுதிமொழிகளுள் கடைப்பிடிக்க மிகக் கடினமானது எது? ஏன்?
2. உங்கள் நண்பரின் கருத்தை நீங்கள் ஏற்காத நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்ந்து, நட்புக் குறையாமல் அதனை எவ்வாறு கூறலாம் என்பதை எட்டு வரிகளில் எழுதுக.