வெளியே போகக்கூடாதவை: தீவுப் பிள்ளைகளுக்குச் சில சொல்

எழுவைதீவிலிருந்து கணினி படிக்க வெளிக்கிட்ட பிள்ளைகளே, ஊர்காவற்றுறைப் படகின் பயணிகள் பட்டியலையே பயிற்சிக்கு எடுப்போம். பெயர், தொலைபேசி, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடவுச்சொல் எல்லாம் ஒரே ஒப்ஜெக்டில் இருக்கட்டும். இறங்குதுறையில் நிற்பவரின் போனுக்குப் பெயர் மட்டும் போனால் போதும்.

1. ஒப்ஜெக்டை ஜேசனாக்கச் சொன்னால், ஜாவாவின் ஜாக்சன் நூலகம் கெட்டர் உள்ள அத்தனையையும் எழுதிவிடும். வேண்டாததன் மேல் @ஜேசன்இக்னோர் போட்டால் விட்டுவிடும். ஆனால் அது வாசிக்கும்போதும் விட்டுவிடும். கடவுச்சொல்லுக்குப் போட்டீர்களோ, புதிதாய்ப் பதிகிறவரின் கடவுச்சொல் உங்களுக்கு வந்தே சேராது. அதற்கு @ஜேசன்ப்ரொப்பர்ட்டியில் ‘ரைட் ஒன்லி’ என்று கொடுங்கள். உள்ளே வரும், வெளியே போகாது.

2. ஜாவாவின் ‘ட்ரான்சியன்ட்’ வேறு, ஜேபிஏயின் @ட்ரான்சியன்ட் வேறு. பின்னது தரவுத்தளத்தில் சேமிக்காதே என்பதற்கு. முன்னதைக் கண்டால், ஜேசனாக்கும் இன்னொரு நூலகமான ஜீசன் விலகிப்போகும். ஜாக்சனோ கெட்டர் இருந்தால் வழமையில் எழுதியே விடும்.

3. பிறந்த திகதியை மறைத்துவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை அனுப்புகிறவர்கள் உண்டு. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் 500 கூட்டியிருக்கும். 92532 என்று தொடங்கினால் 1992 பெப்ரவரி 1இல் பிறந்த பெண். 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நான்கு எண். எங்கள் தீவு போன்ற சின்ன ஊரில் பெயரே வேண்டாம், பிறந்த திகதியே காணும் ஆளைச் சொல்ல. ஆகவே ஒரு ஃபீல்டை மறைக்கும்போது, அதை வேறெதிலிருந்து கணிக்கலாம் என்றும் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மிஞ்சிய தரவைக் கையாளாதே என்கிறது.

4. மறைக்க மறந்ததுதான் ஒழுகும். நீங்கள் போன பிறகு வேறொருவர் புது ஃபீல்ட் சேர்ப்பார். குறிப்புப் போட அவருக்கு நினைவிராது. ஜீசனில் @எக்ஸ்போஸ் போட்டதை மட்டும் அனுப்பும்படி பில்டரில் சொல்லிவைக்கலாம். என்னைக் கேட்டால், வெளியே போவதற்கென்று பெயர் மட்டும் உள்ள தனிக் கிளாஸ் ஒன்றே எழுதுவேன். கொஞ்சம் கூட வேலைதான்.

5. @ஜேசன்இக்னோர் லொக் ஃபைலுக்குத் தெரியாது. ஒப்ஜெக்டை லொக் பண்ணினால் டூஸ்ட்ரிங் தருவதுதான் அங்கே போகும். அதை எழுத லொம்பொக் நூலகத்தைப் பாவித்தால் @டூஸ்ட்ரிங்கிலும் எக்ஸ்க்ளூட் போடுங்கள்.

6. ஒப்ஜெக்டை ஜேசனாக்கி, கடவுச்சொல் அதில் இல்லையென்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றை இன்றைக்கே எழுதுங்கள்.