முறைமைக் கணக்காய்வு: செய்நிரலும் உட்கட்டமைப்பும் வணிக இலக்குக்கு உதவுகின்றனவா?

இப்பகுதியைக் கற்றபின் நீங்கள் பெறவேண்டிய தேர்ச்சிகள்:
• சோதித்தலுக்கும் கணக்காய்வுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூறல்
• கணக்காய்வின் படிமுறைகளை ஒழுங்காக எழுதல்
• காணப்படும் குறைபாடுகளை வணிக இலக்குடன் தொடர்புபடுத்தல்

1. அறிமுகம்

முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தில் சோதித்தல், நிறுவுதல், பராமரித்தல் ஆகிய படிகளை நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். சோதித்தலின்போது, "தரப்பட்ட உள்ளீட்டுக்குச் சரியான வெளியீடு கிடைக்கின்றதா?" என வினவுகின்றோம். கணக்காய்வின்போது வினவப்படுவது வேறு: "இம்முறைமை நிறுவனத்தின் இலக்கை அடைய உதவுகின்றதா? அதற்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது எதுவும் இதனுள் உள்ளதா?"

ஆகவே கணக்காய்வில் செய்நிரல் மட்டுமன்றி, சேவையகங்கள், வலையமைப்பு, காப்பெடுப்பு, கண்காணிப்பு வசதிகள் ஆகிய உட்கட்டமைப்பும், அவற்றைக் கையாளும் மனிதரின் நடைமுறைகளும் ஆராயப்படும்.

2. கணக்காய்வின் படிமுறைகள்

படி 1: வணிக இலக்கைத் தெளிவாக எழுதுதல்
படி 2: அந்த இலக்கு தங்கியிருக்கும் செய்நிரற் பகுதிகளையும் வன்பொருள்களையும் பட்டியலிடல்
படி 3: ஒவ்வொன்றையும் ஆராய்ந்து குறைபாடுகளைக் கண்டறிதல்
படி 4: ஒவ்வொரு குறைபாடும் இலக்கை எவ்வாறு பாதிக்கும் என மதிப்பிடல்
படி 5: முதலில் திருத்த வேண்டியது எது எனத் தீர்மானித்துப் பரிந்துரைத்தல்

இலக்கே முதற்படி என்பதைக் கவனிக்க. இலக்கு எதுவெனத் தெரியாவிடின் எக்குறைபாடு பாரதூரமானது எனத் தீர்மானிக்க முடியாது.

3. உண்மைச் சம்பவம்: நைற் கப்பிற்றல், 2012

நைற் கப்பிற்றல் என்பது 1995 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓர் அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமாகும். சில்லறை முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டமொன்றை நியூயோர்க் பங்குச் சந்தை 2012 ஓகஸ்ட் 1 ஆந் திகதி ஆரம்பித்தது. அதில் முதல் நாளிலேயே பங்குபற்றுவது நிறுவனத்தின் இலக்கு. இதற்கான புதிய செய்நிரல், கட்டளைகளை அனுப்பும் 8 சேவையகங்களில் யூலை 27 முதல் படிப்படியாக நிறுவப்பட்டது. ஆனால் ஒரு சேவையகத்தில் மட்டும் அது நிறுவப்படவில்லை. இதை எவரும் கவனிக்கவில்லை.

அச்சேவையகத்தில், 2003 ஆம் ஆண்டிலேயே பயன்பாடு நிறுத்தப்பட்ட ஒரு பழைய செய்நிரல் நீக்கப்படாமல் இருந்தது. பழைய செய்நிரலை இயக்குவதற்கு முன்னர் பயன்பட்ட அதே குறியீட்டையே புதிய செய்நிரலை இயக்குவதற்கும் பயன்படுத்தியிருந்தனர். எனவே சந்தை திறந்ததும் 7 சேவையகங்களில் புதிய செய்நிரலும் எட்டாவதில் பழைய செய்நிரலும் இயங்கின.

பழைய செய்நிரலின் பணி, பெரிய கட்டளையொன்றைச் சிறு கட்டளைகளாகப் பிரித்து அனுப்புவதாகும். உதாரணமாக, 1000 பங்குகள் தேவையெனின், வாங்கிய தொகையைக் கூட்டிக்கொண்டே சென்று, 1000 ஆனதும் நிறுத்த வேண்டும். இவ்வாறு கூட்டிப் பார்க்கும் பகுதி 2005 ஆம் ஆண்டில் செய்நிரலின் வேறோர் இடத்திற்கு மாற்றப்பட்டது. மாற்றியபின் பழைய செய்நிரல் மீண்டும் சோதிக்கப்படவில்லை. முடிவு நிபந்தனை இல்லாத மீள்செயல் நிற்காது என நீங்கள் கற்றதை இங்கு நினைவுகூருக. கட்டளைகள் நிற்காமல் சென்றுகொண்டேயிருந்தன.

சந்தை திறப்பதற்கு முன்னரே, வழுவைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை முறைமை தானாகவே ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை அவசர எச்சரிக்கைகளாக அமைக்கப்படாததால் எவரும் நடவடிக்கை எடுக்கவில்லை. பின்னர் வழுவைத் தேடியவர்கள், சரியாக இயங்கிய 7 சேவையகங்களிலிருந்து புதிய செய்நிரலை அகற்றினர். இதனால் அவற்றிலும் பழைய செய்நிரல் இயங்கத் தொடங்கி, நிலைமை மேலும் மோசமாகியது.

ஏறத்தாழ 45 நிமிடங்களில் 154 வகைப் பங்குகளில் 4 மில்லியன் கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்தன. நட்டம் 460 மில்லியன் டொலருக்கும் அதிகம். சில நாட்களுள் வெளி முதலீட்டாளர்களிடமிருந்து 400 மில்லியன் டொலர் பெற்றே நிறுவனம் தப்பியது. 2013 ஆம் ஆண்டில் அது வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 12 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது.

4. கணக்காய்வில் தெரிந்திருக்கக்கூடிய குறைபாடுகள்

(அ) செய்நிரல்: பயன்படாத பகுதி 9 ஆண்டுகளாக நீக்கப்படவில்லை. பழைய குறியீடு புதிய பணிக்குப் பயன்படுத்தப்பட்டது.
(ஆ) உட்கட்டமைப்பு: 8 சேவையகங்களிலும் ஒரே பதிப்பு உள்ளதா எனச் சரிபார்க்கப்படவில்லை.
(இ) கண்காணிப்பு: எச்சரிக்கை வந்தது, அதைப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.
(ஈ) நடைமுறை: ஒருவர் செய்த நிறுவலை இன்னொருவர் பரிசீலிக்க வேண்டும் என்ற எழுத்துமூல விதி இருக்கவில்லை.

இவற்றுள் எதுவும் கண்டுபிடிக்க முடியாத நுட்பமான வழுவன்று. "ஒரு கட்டளை தவறினால் நிறுவனம் எவ்வளவு இழக்கும்?" என்ற வினாவுடன் தொடங்கியிருந்தால், (ஆ) வில் கூறப்பட்ட சரிபார்ப்பு முதலிடம் பெற்றிருக்கும்.

5. மாணவர் விடும் தவறு

"சேவையகம் பழையது, மாற்ற வேண்டும்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது. குறைபாடு, பாதிக்கப்படும் இலக்கு, பரிந்துரை ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுக.

6. பயிற்சி வினா

பேருந்து ஆசன முற்பதிவு முறைமையொன்றின் இலக்கு, ஓர் ஆசனத்தை ஒருவருக்கு மட்டும் விற்பதாகும். முறைமை ஒரே சேவையகத்தில் இயங்குகின்றது. காப்புப் பிரதியும் அதிலேயே உள்ளது. சென்ற ஆண்டின் விலைக்கழிவுச் செய்நிரல் இன்னும் நீக்கப்படவில்லை. இரு குறைபாடுகளைத் தெரிந்து, மேற்கூறிய மூன்று பகுதிகளுடன் எழுதுக.

விடைக்கான குறிப்பு:
1. காப்புப் பிரதி அதே சேவையகத்தில் உள்ளது. சேவையகம் பழுதடைந்தால் விற்ற ஆசனங்களின் பதிவு அழியும். ஓர் ஆசனம் இருவருக்கு விற்கப்படலாம். பிரதியை வேறோர் இடத்தில் சேமித்து, அதிலிருந்து தரவை மீளப்பெற முடிகின்றதா எனவும் காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும்.
2. மற்றையதை நீங்களே எழுதுக. எழுதுமுன் நைற் கப்பிற்றலின் எட்டாவது சேவையகத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க.

நினைவிற் கொள்க: இயங்கும் முறைமை எல்லாம் இலக்குக்காக இயங்குகின்றது என்று பொருளன்று. எட்டாவது சேவையகமும் அன்று இயங்கிக்கொண்டுதான் இருந்தது.