பழைய கணினியும் வரைகலை அட்டையும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டார் வழங்கும் பழமொழி. செல்வமுடையான் அளவாது போட்டால் அவனுக்கு நேர்வது சிறு குறையே. வறியவன் அளவாது போட்டாலோ அவன் வீட்டு அடுப்பே அதனை அறியும். பழைய கணினியொன்றைக் குறைந்த பொருள்கொண்டு திருத்த விழையும் மாணவர்க்கு இப்பழமொழி பெரிதும் பொருந்தும். அவருட் பலர் முதற்கண் கருதுவது கிராபிக்ஸ் கார்டு என வழங்கும் வரைகலை அட்டையை வாங்கிப் பொருத்துதலேயாம். அதனை வாங்குமுன் ஆராயத்தக்கவை யாவை என்பதனை, யான் பட்டறிந்தவாறே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

எமதூர் நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரம். எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் உள. தந்தையார் கூலிக்கு நெய்பவர். என் தம்பி பாலிடெக்னிக் கல்லூரியில் இயந்திரவியல் பயில்கின்றான். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் மிகுதியாதலின், அத்தொழிலில் வரைபடம் வரைவோனாதல் அவன் விருப்பம். முப்பரிமாணப் படம் வரைதற்குரிய ஃப்ரீகேட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. ஆயின் எங்கள் கணினியோ, ஓர் அலுவலகத்திற் பல்லாண்டு உழைத்துக் கழிக்கப்பட்டது. அதில் லாரிப் பாடியின் படத்தைத் திருப்ப முயன்றால், அது மணலில் ஏறும் மாட்டுவண்டிபோலத் தயங்கித் தயங்கி நகரும்.

நெசவுக் கூலியில் மிச்சம் பிடித்த ஆறாயிரம் ரூபாயைத் தந்தையார் என் கையில் தந்தார். யான் சிறிதும் ஆராயாது, பெரியதொரு பழைய அட்டையை வாங்கி வந்தேன். அதற்கு எட்டு ஊசி கொண்ட தனி மின்னிணைப்பு வேண்டுமாம். எங்கள் கணினியில் அவ்விணைப்பே இல்லை. பெட்டியின் மூடியும் மூடவில்லை. விற்றவர் திரும்பப் பெற மறுத்தார். முடிவில் அதனைப் பாதி விலைக்கே விற்க நேர்ந்தது. தந்தையார் என்னை ஒரு சொல்லும் சொல்லிற்றிலர். அன்றிரவு தறிமட்டும் வழக்கத்தினும் நெடுநேரம் ஓடிற்று. அவ்வோசை கேட்டு உறங்காதிருந்தபோதே இப்பொருளை முறையாகக் கற்கத் துணிந்தேன்.

அட்டையின் தொழில்

கணினியின் செயலி, இன்னது வரைக எனக் கட்டளை ஆக்குவது. வரைகலை அட்டை அக்கட்டளைப்படி புள்ளிகளை நிரப்பிப் படமாக்குவது. நாம் வழங்கும் திரையில் நெடுக்கும் குறுக்குமாக 1920க்கு 1080 புள்ளிகள் உள. அவை மொத்தம் 20,73,600. நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படின், ஒரு நொடியில் 12,44,16,000 புள்ளிகளின் நிறத்தைத் தீர்மானித்தல் வேண்டும். செயலியில் வல்ல கணக்கர் சிலர் உளர் எனக் கொண்டால், அட்டையில் எளிய கணக்கர் பல நூற்றுவர் ஒரே காலத்தில் வேலை செய்கின்றனர் எனலாம். முப்பரிமாண வடிவைத் திருப்பும் கணக்கையும் ஒளிபடும் கணக்கையும் வீட்டுக் கணினிகளிற் பெரும்பாலும் செயலியே முன்னர்ச் செய்துவந்தது. 1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 256 என்னும் அட்டை அவ்விரண்டையும் தானே ஏற்றது.

நெசவாளர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். செயலி பாவு ஓட்டுவோரை ஒக்கும். அட்டை தறியை ஒக்கும். பாவு உரிய காலத்தில் வாராதாயின், எத்துணை விரைவான தறியை வாங்கிப் போட்டாலும் அது சும்மா நிற்கும். தறி பழுதாயின் பாவு குவிந்து கிடக்கும். ஆகவே, தடை எவ்விடத்தது எனக் காணாமல் தறியை மாற்றுதல் அறிவுடைமையாகாது.

தடை எங்கே?

விண்டோஸ் 10இல் உள்ள டாஸ்க் மேனேஜர் என்னும் பகுதி, 2017ஆம் ஆண்டு முதல், செயலி, நினைவகம், வட்டு என்பவற்றோடு வரைகலையின் சுமையையும் காட்டி வருகின்றது. தாமதமாகும் வேலையைச் செய்துகொண்டே அதனை நோக்குக. வரைகலையின் அளவு நூற்றை நெருங்கி நிற்க, செயலி ஓய்வாயிருப்பின், குறை வரைகலையினது. செயலி நூற்றை நெருங்கின், புதிய அட்டையால் பயன் சிறிதே. ஈண்டு ஒரு நுட்பம் உளது: நான்கு உட்கருக்கள் கொண்ட செயலியில் ஒன்று மட்டும் முழுதும் உழைத்தால், மொத்த அளவு 25 என்றே காட்டும். அதனைக் கண்டு செயலி ஓய்வாயிருக்கின்றதென மயங்கற்க. நினைவகம் நிரம்பி வட்டு ஓயாது சுழலுமாயின், வேண்டுவது அட்டையன்று, நினைவகமோ எஸ்.எஸ்.டி. என்னும் விரைவு வட்டோ ஆகும்.

பொருள் மிகாத திருத்தம்

எங்கள் கணினியைத் திறந்தபோது கண்டது யாது? செயலியின்மேல் உள்ள விசிறியும் தகடுகளும் பஞ்சால் மூடுண்டு கம்பளி போர்த்தவைபோல் இருந்தன. தறியோடும் வீட்டில் இது வியப்பன்று. வெப்பம் வெளியேற வழியின்றேல், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் செயலிகள் பலவற்றில் இவ்வெல்லை ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் ஆகும். சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் அவ்வெல்லையைத் தொடுதல் அரிதன்று. மின்னிணைப்பை நீக்கி, விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொண்டு, காற்றூதியால் தூசியைப் போக்குக. பின்னர், உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட் என்னும் வெப்பப் பசையைத் துடைத்துப் புதிது தடவுக. இதற்காகும் செலவு மிகச் சிறிது.

நிற்க. அலுவலகக் கணினிகள் பெரும்பாலனவற்றில் வரைகலைப் பகுதி செயலிக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதற்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகத்தையே அது பகிர்ந்துகொள்ளும். டி.டி.ஆர்.4 வகையில் 2400 என்னும் விரைவுடைய நினைவகப் பலகை ஒன்று நொடிக்கு 19.2 ஜிகாபைட் அளவே தரவல்லது. அத்தகைய பலகைகள் இரண்டினை உரிய துளைகளில் இணையாகப் பொருத்தின், அது 38.4 ஆகும். ஒரே பலகையோடு விற்கப்பட்ட கணினிகள் பல. அவற்றிற்கு இன்னொரு பலகை சேர்த்தல், நினைவகத்தைப் பெருக்குவதோடு வரைகலைக்கும் வலிமை தருவதாம்.

மூன்று வாயில்கள்

இவற்றின் பின்னரும் குறை தீராதாயின், அட்டையை நாடலாம். அவ்வட்டை மூன்று வாயில்களைக் கடந்தே உள்ளே புகுதல் வேண்டும்.

முதலாவது மின்சாரம். தாய்ப்பலகையின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளை தரவல்ல மின் ஆற்றலின் பேரெல்லை 75 வாட். அதற்கு மேற்பட வேண்டும் அட்டைகள், 75 வாட் தரும் ஆறு ஊசி இணைப்பையோ 150 வாட் தரும் எட்டு ஊசி இணைப்பையோ எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியிலிருந்து பெறும். அலுவலகக் கணினிகளின் மின்வழங்கிகளில் அவ்விணைப்புகள் இருப்பது அரிது. மின்வழங்கியையே மாற்றலாமெனின், சில கணினிகளின் இணைப்பு வடிவம் பொதுவகையினின்றும் வேறுபட்டது. ஆதலின் எம்போலியர்க்கு 75 வாட்டுக்கு உட்பட்ட, தனியிணைப்பு வேண்டாத அட்டையே தக்கது.

இரண்டாவது இடம். ஒடுங்கிய பெட்டிக்குக் குறுகிய அட்டையும் அதற்குரிய குறுகிய தாங்கியும் வேண்டும். அளவுகோல்கொண்டு நீளம், உயரம், தடிப்பு மூன்றையும் அளந்த பின்னரே கடைக்குச் செல்க. மடிக்கணினிகளில் வரைகலைச் சில்லு பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அதனை மாற்ற இயலாது. 2011ஆம் ஆண்டு முதல் நம் மாநில அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுக்கு அட்டை தேடி அலைதலும் ஆகாது.

மூன்றாவது பொருத்தம். பழைய திரைகளின் வி.ஜி.ஏ. இணைப்பு புதிய அட்டைகளில் இல்லை. இடையே ஒரு மாற்றி வேண்டும். மிகப் பழைய தாய்ப்பலகைகள் சில, புதிய அட்டையைக் கண்டு தொடங்காமலே நின்றுவிடும். அதே கணினி வகையில் அவ்வட்டையைப் பொருத்தி இயக்கினோர் உளரா என முன்னரே உசாவுக.

எவ்வட்டை?

பெயரை மட்டும் நம்புதல் பெரும்பிழை. என்விடியாவின் ஜி.டி. 1030 என்னும் அட்டை 30 வாட்டளவில் இயங்குவது, 2017இல் வெளிவந்தது. அதன் ஜி.டி.டி.ஆர்.5 வகை நொடிக்கு 48 ஜிகாபைட் தரும். மறுவாண்டில் அதே பெயரோடு வந்த டி.டி.ஆர்.4 வகையோ 16.8 மட்டுமே தரும். இஃது யாம் மேலே கூறிய ஒற்றை நினைவகப் பலகையினும் குறைவு! பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 75 வாட் கொள்வது. 4 ஜிகாபைட் நினைவகமுடையது. நொடிக்கு 112 ஜிகாபைட் தருவது. ஆயின் அதன் தலைமுறைக்குப் புதுப்பிப்புகள் வழக்கம்போல் வருதல் 2025 அக்டோபரோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டென என்விடியா அறிவித்துள்ளது. 2019இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 அதற்குப் பிற்பட்ட தலைமுறையினதாகலின், அவ்வறிவிப்பில் அடங்காது. அதுவும் 75 வாட்டினதே. எனினும் அதனைச் செய்தோருட் சிலர் ஆறு ஊசி இணைப்பு வைத்துள்ளனர், அஃதில்லாததைத் தேர்க. பழம்பொருளாக வாங்குவார்க்கு இதுவே என் கருத்தில் நன்று.

ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 (2022) 53 வாட்டே கொள்வதெனினும், துளையின் பதினாறு வழிகளுள் நான்கினையே பயன்படுத்துவது. பழைய மூன்றாம் தலைமுறைத் துளையில் அதன் விரைவு குன்றும். இன்டெலின் ஆர்க் ஏ380 (2022), ரீசைசபிள் பார் என்னும் வசதியில்லாத பழைய தாய்ப்பலகையில் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கும். 2024இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050இன் 6 ஜிகாபைட் வகை 70 வாட்டில் அடங்கும் நல்ல அட்டையே. ஆயினும் அதன் விலை பல சமயம் பழைய கணினியின் விலையையே விஞ்சும். குதிரையின் விலையினும் சேணத்தின் விலை மிகலாமோ?

பழம்பொருள் வாங்குவார்க்கு

எதீரியம் என்னும் எண்மப் பணம் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தன் கணக்குமுறையை மாற்றிக்கொண்டது. அதற்காக இரவு பகல் ஓயாது ஓடிய அட்டைகள் பல வேலையிழந்து பழம்பொருட் சந்தைக்கு வந்தன. அவை யாவும் தீயன அல்ல. ஆயினும் விசிறியும் பசையும் தேய்ந்திருத்தல் கூடும். பழைய எளிய சில்லுக்குப் புதிய பெயர் புகட்டி விற்கும் வஞ்சமும் உண்டு. ஜி.பி.யூ.-இசட் என்னும் விலையில்லா மென்பொருள் அத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினும் சேலத்தில் வாங்கினும், அட்டையை இயக்கிக் காட்டச் சொல்லிக் கால்மணி நேரமேனும் நோக்குக. திரும்பப் பெறும் நாளைச் சீட்டில் எழுதி வாங்குக. எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காது மீள்க.

இன்னும் ஒன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை, மிகச் சிலவொழிய, முறைப்படி ஏற்பதில்லை. விலையில்லா லினக்ஸ் பழங்கணினிகளுக்கு ஒரு புகலிடம். ஆயினும் இன்னும் எத்தனையாண்டு இக்கணினி உழைக்கும் என எண்ணியே அதன்மேற் செலவிடல் வேண்டும். செய்யும் செலவு பிற்காலத்து வேறு கணினிக்கும் எடுத்துப் பொருத்தத்தக்கதாயின் மிக நன்று.

முடிவுரை

எங்கள் செய்தி யாதாயிற்று எனின், பஞ்சு நீக்கிப் பசை மாற்றி, பழைய நினைவகப் பலகையொன்று இணை சேர்த்தபின், தம்பியின் பாடப்படங்கள் தயக்கமின்றித் திரும்புகின்றன. முழு லாரியின் படத்துக்கு மட்டும் கணினி இன்றும் திணறும். அதற்கு அட்டை வேண்டுவது உண்மையே. எஞ்சிய பொருளைத் தந்தையாரிடமே தந்துவிட்டேன். அதனோடு சிறிது சேர்ந்தபின் 75 வாட்டுக்கு உட்பட்டது, குறுகியது, தனியிணைப்பு வேண்டாதது என மூன்று சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டே கடைக்குச் செல்வேன். அவற்றை முதன்முறையே எழுதிச் சென்றிருப்பின், அன்றிரவு தறி உரிய நேரத்தில் நின்றிருக்கும். மாணவ நண்பர்களே, பொருள் குறைவாயிருத்தல் நம் குற்றமன்று. அதனை அளவாது போடுதலே குற்றமாம்.