பேஸ்பால் ஆட்டமும் ராக் பாட்டும்

அமெரிக்க ஐக்கிய நாட்டினர் பேஸ்பால் ஆட்டத்தைத் தம் நாட்டு விளையாட்டென்று பாராட்டுவர். அதனைப் பற்றிய பாட்டுக்களுள் மிகப் பரவியது, 1908-ம் ஆண்டில் ஜாக் நார்வொர்த் என்பார் இயற்ற, ஆல்பர்ட் வான் டில்ஸர் என்பார் இசையமைத்த 'டேக் மீ அவுட் டு த பால் கேம்' என்பதாம். அதனை எழுதுங்கால் நார்வொர்த் பெருங்கழகங்களின் ஆட்டம் ஒன்றையேனும் நேரிற் கண்டவரல்லர் என்றும், 1940-ல்தான் முதன்முதற் கண்டனர் என்றும் கூறுவர். காணாதார் பாடிய பாட்டே இன்றும் ஏழாம் சுற்றின் இடைவேளையில் ஆயிரக்கணக்கானோராற் பாடப்படுகின்றது! நிற்க. அது வெறும் களிப்புப் பாட்டு. 1950-க்குப் பின் மின் கிதாரும் முரசும் முழங்க எழுந்த ராக் இசையில் இவ்வாட்டம் எவ்வாறு பாடப்பட்டது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

சக் பெர்ரி 1956-ல் பாடிய 'ப்ரவுன் ஐட் ஹாண்ட்ஸம் மான்' என்னும் பாட்டில் ஒரு பகுதி மட்டையாளன் ஒருவனது பேரடியைச் சொல்லுகிறது. அங்கே வெற்றி உண்டு. ஆனால் பின் வந்தவற்றுள் நம் மனத்தில் நிற்பவை வெற்றியைப் பாடியவை அல்ல. களத்திற்கு வெளியே நிற்பவனைப் பாடியவையே. ஸைமன், கார்ஃபங்கல் இருவரும் 1968-ல் வெளியிட்ட 'மிஸஸ் ராபின்ஸன்' என்பது, 1951-ல் ஓய்வுபெற்ற ஜோ டிமாஜியோ என்னும் வீரர் எங்கே போயினர் என்று வினவுகிறது. தாம் எங்கும் போகாதிருக்க இக்கேள்வி ஏன் என்று அவ்வீரர் பிற்காலத்தில் ஸைமனையே வினவினராம். ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1984-ல் பாடிய 'க்ளோரி டேஸ்' என்பதில், பள்ளி நாட்களிற் பந்தெறிந்து பேர்பெற்ற ஒருவன் பழங்கதையே பேசுகிறான். அதில் விரைந்த பந்தை 'ஸ்பீட்பால்' என்றனர். ஆட்டம் அறிந்தோர் 'ஃபாஸ்ட்பால்' என்றே சொல்லுவர். பிழைதான், எனினும் பாட்டு அதனாற் கெட்டதில்லை.

ஜான் ஃபாகர்ட்டியின் 'சென்டர்ஃபீல்ட்' 1985-ல் வெளிவந்தது. களத்தின் ஓரத்துப் பலகையில் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரன் ஒருவன், தன்னை இறக்கிவிடுமாறு பயிற்சியாளரை வேண்டுவதே அதன் பொருள். ராக் பாட்டின் பல்லவி திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. இங்கே வேண்டுகோளே பல்லவியாதலின் அவ்வியல்பு பொருளோடு நன்கு பொருந்தியது. பாடியவரும் 1975-க்குப் பின் ஏறக்குறையப் பத்தாண்டு புதிய இசைத்தட்டொன்றும் வெளியிடாதிருந்தவர் என்பதை அறிந்து கேட்பார்க்கு, பலகையில் இருப்பவன் யார் என்பது விளங்கும். 2010-ல் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தின் விழாவில் அவர் இதனைப் பாடினார்.

இனி, நாம் விரித்துரைக்க விரும்புவது ஒன்றுண்டு. 'தி பேஸ்பால் ப்ராஜெக்ட்' என்னும் குழுவினர் இவ்வாட்டம் ஒன்றையே பாடுபொருளாகக் கொண்டவர். 2008-ல் வந்த அவர்தம் முதல் இசைத்தட்டில் 'ஹார்வி ஹாடிக்ஸ்' என்றொரு பாட்டு உளது. அதன் சுவையை அறிய ஆட்ட விதியைச் சிறிது அறிதல் வேண்டும். கிரிக்கெட்டு ஆடும் நம் மாணவர்க்கு இது கடினமன்று. ஓர் ஆட்டம் வழக்கமாக ஒன்பது சுற்று. சுற்றொன்றிற்கு எதிர்க்கட்சியில் மூவர் ஆட்டமிழத்தல் வேண்டும். ஒன்பது சுற்றிலும் ஒருவரையும் முதல் தளத்தை அடையவிடாது இருபத்தெழுவரையும் வரிசையாக வெளியேற்றி வென்றால், அது பழுதற்ற ஆட்டம் எனப்படும். நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அதனைச் செய்தோர் மிகச் சிலரே.

பிட்ஸ்பர்க் கட்சியின் இடக்கைப் பந்தெறிவாளராகிய ஹாடிக்ஸ், 1959-ம் ஆண்டு மே மாதம் 26-ம் தேதி மில்வாக்கியில், பன்னிரண்டு சுற்றுவரை முப்பத்தறுவரை இவ்வாறு வெளியேற்றினார். ஆயினும் அவர் கட்சியார் எதிரியாகிய லூ பர்டெட்டின் பந்தைப் பன்னிரு முறை அடித்தும் ஓரோட்டமும் பெற்றிலர். ஆதலின் ஆட்டம் முடியாது நீண்டது. பதின்மூன்றாம் சுற்றில் அவர் தோழர் ஒருவர் பந்தைப் பிழைபட எறிய, எதிரி ஒருவன் தளம் அடைந்தான். பின்னர் ஜோ ஆட்காக் அடித்த பந்து வேலியைக் கடந்தது. ஹாங்க் ஆரன் மயங்கி ஓட்டப் பாதையை விட்டு அகன்றமையால் அவ்வடி இருதள அடியாகவே எண்ணப்பட்டது. எனினும் ஓரோட்டம் போதுமன்றோ? ஹாடிக்ஸ் 1-0 என்று தோற்றார்.

1991-ல் அதிகாரிகள் பழுதற்ற ஆட்டத்திற்கு இலக்கணம் வகுத்து, ஆட்டம் முடியும்வரை ஒருவனும் தளம் அடையலாகாது என்றனர். ஹாடிக்ஸ் பெயர் பட்டியலினின்று நீங்கிற்று. மேற்கூறிய பாட்டு, பட்டியலிலுள்ளோர் பெயர்களை அடுக்கிச் சொல்லி, இவர் பெயரையும் சேர்க்கலாகாதா என்று கேட்கிறது.

அதிகாரிகள் கூறியதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். முடிவைக்கொண்டு அளவாதார் பட்டியல் வகுத்தல் அரிது. ஆனால் ஒன்பது சுற்றுக்குள் பிட்ஸ்பர்க் கட்சியார் ஓரோட்டம் எடுத்திருப்பின், இருபத்தெழுவரை மட்டும் வெளியேற்றி ஹாடிக்ஸ் அப்பட்டியலில் இடம் பெற்றிருப்பர். முப்பத்தறுவரை வெளியேற்றியதே அவர்க்கு இடையூறாயிற்று! அவ்வோரோட்டத்தின் குறை அவர் ஒருவருடையதன்று. இதனை விதிநூல் கண்டிலது, பாட்டுக் கண்டது. ஆகலின், விதியை மாற்றாவிடினும், பட்டியலின் அடியில் ஒரு வரியேனும் அவர்க்கு அளித்தல் தகும் என்பதே நம் கருத்து.

ஹாடிக்ஸ் 1994-ம் ஆண்டு ஜனவரி மாதம் காலமானார். தமக்காக வழக்குரைக்கும் அப்பாட்டை அவர் கேட்டிலர்.