ஏறுமுன் அளந்தறிவோம்



கோடை விடுமுறை அண்மித்ததும் நம் வகுப்பறைகளில் இலக்கணத்தினும் மிகுதியாகப் பேசப்படும் பொருள் ஒன்றுண்டு. அது ஜேர்மனியின் றுஸ்ற் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள ‘ஒய்ரோப்பா பார்க்’ என்னும் களியாட்டப் பூங்காவாகும். பாசல் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள அப்பூங்காவைப் பற்றி நம் மாணவர் அறியாதது எதுவுமில்லை என்றே தோன்றும். எந்த வண்டி உயரமானது, எது தலைகீழாகச் சுழல்வது என்பவற்றை எட்டு வயதுப் பிள்ளையும் ஒப்புவிக்கும். ஆயினும், ஒரு வண்டி நமக்கு ஏற்றதா என்பதை எவ்வாறு மதிப்பிடுவது என்று வினவினால், ‘பயங்கரமாக இருந்தால் நல்லது’ என்ற விடையே கிடைக்கின்றது. அவ்விடை போதாது. ஆதலால் இவ்வாண்டு மலரில் அதனையே ஒரு பாடமாக எழுத முற்பட்டேன்.

பூங்காவின் தோற்றம் பற்றி முதலிற் சில சொற்கள். வால்ட்கிர்ஹ் என்னும் ஊரில் 1780ஆம் ஆண்டு முதல் வண்டி செய்யும் தொழில் நடத்திய மாக் குடும்பத்தினர், பிற்காலத்தில் களியாட்ட வண்டிகள் செய்வோராயினர். பிரான்ஸ் மாக்கும் அவர் மகன் றோலண்ட் மாக்கும் 1975இல் இப்பூங்காவைத் திறந்தபோது, தம் தொழிற்சாலையில் உருவானவற்றை வாங்க வருவோருக்கு இயக்கிக் காட்டுதலும் அவர்களது நோக்கமாயிருந்தது. சந்தையில் மாம்பழத்தைக் கீறிச் சுவைக்கத் தரும் வியாபாரியின் உபாயம் போன்றது அது. இன்று ஆண்டொன்றுக்கு ஐந்து மில்லியனுக்கு மேற்பட்டோர் அங்கு வருகின்றனர்.

பயண ஆயத்தம் என்றதும் நம்மவர் நினைப்பது கட்டுச்சோறும் வாகனமுமே. அவற்றுக்கு முன்னர் எண்ண வேண்டியது எல்லை. பூங்கா அண்மையில் இருப்பினும் அது வேற்று நாடு. தற்காலிக அனுமதியாகிய எஃப் அட்டை உடையோரும், தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்கப்பெறாதோரும் முன்னனுமதி பெறாமல் எல்லை கடத்தலாகாது. இரண்டு மூன்று குடும்பங்கள் கூடிச் செல்லத் திட்டமிடும்போது, எவரிடம் எந்த அட்டை உள்ளது என்பதைப் பிள்ளைகள் முன்னிலையில் அன்றித் தனியாகக் கேட்டறிதல் பண்பு. ஒரு குடும்பத்தால் வர இயலாதெனின், துர்காவ் மாநிலத்துக் கொனிலாண்ட் பூங்காவோ லுசேர்ன் போக்குவரத்து அருங்காட்சியகமோ அந்த ஆண்டுக்குப் போதுமானது. தன் தோழன் ஏன் வரவில்லை என்று வினவும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அட்டைகளின் எழுத்துகளை விளக்கிக் கொண்டிருப்பதிலும் அது எளிது.

ஏனைய ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். நாள் குறிக்கப்பட்ட நுழைவுச்சீட்டை முன்னரே வாங்குக. நான்கு வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை. பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிய காகிதத்துண்டு ஒவ்வொரு சிறு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருத்தல் வேண்டும். கைத்தொலைபேசி உள்ள இக்காலத்திலும் காகிதமே மின்கலம் தீராதது. புட்டும் கறியும் உண்ட கையோடு சுழலும் வண்டியில் ஏறுதல் எவ்வாறு முடியும் என்பதைச் சென்று வந்தோர் அறிவர்.

இனி வண்டிகளைப் பற்றி ஆராய்வோம். இங்குள்ளோர் அக்டர்பான் என்றும் ஆங்கிலத்தில் ரோலர் கோஸ்டர் என்றும் வழங்கும் வண்டிகளுள், அப்பூங்காவில் மிக உயர்ந்தது சில்வர் ஸ்டார். 2002இல் இயங்கத் தொடங்கிய அதனை வடிவமைத்தது நம் வாலிஸ் மாநிலத்து மொந்தே நகரின் நிறுவனமொன்று. உயரம் 73 மீற்றர். இரண்டு பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினும் அவ்வுயரத்தை எட்டுதல் அரிது. வண்டியை உச்சிவரை சங்கிலி இழுத்துச் செல்கின்றது. அதன் பின்னர் அதனைச் செலுத்த இயந்திரம் எதுவுமில்லை. உயரத்தினாற் பெற்ற அழுத்தசக்தி இயக்கசக்தியாக மாறுவதே ஓட்டம் முழுவதும்.

உயர்வகுப்பு மாணவர் பென்சில் எடுத்துக்கொள்க. முதற் சரிவின் இறக்கம் 67 மீற்றர். சக்தி சிறிதும் வீணாகாதெனின், வேகத்தின் வர்க்கம் என்பது ஈர்ப்பு ஆர்முடுகலின் இருமடங்கை இறக்கத்தாற் பெருக்கி வரும் தொகையாகும். 2 × 9.81 × 67 என்பது 1314 அளவில் வரும். அதன் வர்க்கமூலம் 36.3. அதாவது செக்கனுக்கு 36.3 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பூங்கா அறிவித்திருக்கும் வேகம் மணிக்கு 127 கிலோமீற்றர். பாடநூலில் படித்த ஒரு சமன்பாடு உண்மை வேகத்துக்கு இவ்வளவு அருகில் நம்மைக் கொண்டு சேர்ப்பதை நான் வியந்து வியந்து பார்ப்பதுண்டு. எஞ்சிய வேகத்தை உராய்வும் காற்றும் எடுத்துக்கொண்டன என்க. இச்சமன்பாட்டிற் திணிவு இல்லை என்பதையும் நோக்குங்கள். அது இருபுறமும் நின்று வெட்டுண்டு போகின்றது. ஆதலால் பருத்த மாமனும் மெலிந்த மருமகனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்குவர்.

வேகம் மாத்திரம் உடலை வருத்துவதில்லை. கடுகதிப் புகையிரதத்தில் மணிக்கு 200 கிலோமீற்றரிற் செல்லும்போது நாம் தேநீர் அருந்துகின்றோம். உடல் உணர்வது வேகத்தின் மாற்றத்தையும் திசையின் மாற்றத்தையுமே. வண்டி பள்ளத்தின் அடியில் வளைந்து மேலெழும்போது உடல் இருக்கையில் அழுத்தப்படுகின்றது. கைகளை உயர்த்துதலும் கடினமாகும். மேட்டின் உச்சியைக் கடக்கும்போதோ, சடத்துவத்தினால் உடல் மேல்நோக்கியே செல்ல முனைய, வண்டி கீழே வளைகின்றது. ஊஞ்சல் உச்சியிலிருந்து திரும்பும் கணத்தில் அடிவயிற்றில் தோன்றும் கூச்சமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அக்கணத்தில் நம்மை இருக்கையில் நிறுத்துவது தொடையின்மேற் பதியும் தடுப்புச்சட்டம் ஒன்றேயாம்.

உயர அளவுகோலின் காரணம் இங்கேதான் உள்ளது. சில்வர் ஸ்டாரில் ஏற 11 வயதும் 1.40 மீற்றர் உயரமும் வேண்டும். 2009இல் திறக்கப்பட்ட புளூ ஃபயருக்கு 7 வயதும் 1.30 மீற்றரும், 2012இல் திறக்கப்பட்ட வோடன் என்னும் மரத்தண்டவாள வண்டிக்கு 6 வயதும் 1.20 மீற்றரும் வேண்டும். புறப்படுமுன் பூங்காவின் அறிவித்தலில் இவற்றை மீண்டும் சரிபார்த்துக் கொள்க. இவை பிள்ளைகளை அவமதிப்பதற்காக இடப்பட்ட எண்களல்ல. சட்டம் இடுப்பையும் தொடையையும் பற்றிக்கொள்ளுமாறு அமைந்தது. உடல் சிறிதாயின் சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே வெளி எஞ்சும். அந்த வெளியினூடாக மேட்டின் உச்சியில் உடல் நழுவ இடமுண்டு. தண்டவாளத்தை விட்டு வண்டி கழலாது. மேலும் பக்கத்திலும் கீழும் சில்லுகள் தண்டவாளத்தைக் கவ்வியிருக்கின்றன. கீழ்ச்சில்லு அமைக்கும் முறைக்கு அமெரிக்கரான ஜோன் மில்லர் 1919இலேயே காப்புரிமை பெற்றார். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கையில் மற்றொன்று அப்பகுதிக்குள் நுழையாதவாறு தடுப்புகளும் உண்டு. பொறியியலாளர் வண்டியைக் காத்துவிட்டனர். பிள்ளையின் உயரத்தை மாத்திரம் அவர்களாற் கூட்டித்தர இயலாது.

இந்நிலையிற் சில பெற்றோர், தடித்த அடியுள்ள சப்பாத்தை அணிவித்தும், குதிகாலை உயர்த்துமாறு காதிற் கூறியும் பிள்ளையை அளவுகோலின் மேல் ஏற்றிவிட முனைகின்றனர். நெடுந்தூரம் வந்தோம், பணம் கொடுத்தோம், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறிவிட்டான் என்பன அவர்கள் கூறும் நியாயங்கள். இரண்டு சென்ரிமீற்றர் ஏமாற்றத்தினால் ஏமாறுவது வாயிலில் நிற்கும் பணியாளர் அல்லர். சட்டத்துக்கும் தொடைக்கும் இடையிலுள்ள அந்த வெளி அப்படியே இருக்கும்.

மாணவர்களுக்கும் இதிற் பங்குண்டு. பூங்காவின் அறிவித்தல்கள் ஜேர்மன், பிரெஞ்சு, ஆங்கில மொழிகளில் உள்ளன. தமிழில் இல்லை. அம்மம்மாவுக்கும் அண்மையில் வந்த சித்தப்பாவுக்கும் அங்கு மொழிபெயர்ப்பாளர் நீங்களே. மருத்துவரிடத்தும் அலுவலகங்களிலும் நீங்கள் செய்துவரும் தொண்டுதான் இது. இந்நாட்டின் பல அறிவித்தல்களை நானும் என் மகள் வாயிலாகவே அறிந்தேன். ஆனால் மருத்துவரிடம் மொழிபெயர்க்கும்போது உங்களுக்கு அதில் ஆசை எதுவுமில்லை. இங்கோ மொழிபெயர்ப்பவரே வண்டியில் ஏறத் துடிப்பவர். ‘வயது வந்தவர் துணையுடன்’ என்ற பகுதி அப்போது வாயிலிருந்து வழுவிவிடுகின்றது. ‘குறைந்தபட்ச உயரம்’ என்பது ‘போகலாமாம்’ என்று தமிழாகின்றது. இதயநோய், கழுத்து வலி, முதுகு வலி உள்ளோரும் கருவுற்றிருப்போரும் ஏறலாகாது என்னும் வரியை, அம்மாவையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பும் பிள்ளை வாசிப்பதேயில்லை. உங்களுக்கு விருப்பமற்ற வரியையும் விடாது தமிழிற் சொல்லுங்கள். அம்மா தன் முதுகு வலியை நினைத்துத் தானே முடிவு செய்யட்டும்.

காத்திருத்தலையும் கணக்கிட்டு அறியலாம். சில்வர் ஸ்டாரின் ஒரு தொடரில் வரிசைக்கு நால்வராக ஒன்பது வரிசைகள்; ஆக 36 பேர். 90 செக்கனுக்கு ஒரு தொடர் புறப்படுமெனக் கொண்டால் மணிக்கு 40 தொடர்கள், 1440 பேர். முன்னால் 720 பேர் நின்றால் அரை மணி நேரம். மூன்று வயதுத் தம்பிக்கு அந்த அரை மணி நேரம் மிக நீண்டது. கைக்குழந்தையுள்ள பெற்றோர் மாறிமாறி ஏறும் ஏற்பாடு உண்டா என வாயிலிற் கேட்டறிக. நாள் முழுவதும் பைகளுக்கும் குளிரங்கிகளுக்கும் காவல் இருப்பவர் பெரும்பாலும் தாயாகவே இருத்தலை நான் கண்டிருக்கின்றேன். காவல்முறையையும் வீட்டிலேயே பங்கிட்டுக்கொள்ளலாம்.

அமைதியான ஓட்டங்களுள் ஒன்றைச் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகின்றேன். பற்றேவியாக் கடற்கொள்ளையர் என்னும் படகோட்டம் 1987இல் தொடங்கி, 2018இல் தீக்கிரையாகி, 2020இல் மீண்டும் திறக்கப்பட்டது. பற்றேவியா என்பது இன்றைய யக்கார்த்தா. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆசியத் தலைமையிடம் அதுவே. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் அக்கம்பனியின் ஆட்சியின் கீழ் இருந்தது. விளையாட்டுக்காக அமைக்கப்பட்ட அத்துறைமுகத்தைப் படகிலிருந்து பார்க்கும்போது, யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கட்டளைகள் வந்த ஊர் இது என்று பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லலாம். வரலாற்று வகுப்பில் இதனைப் பத்து முறை சொல்லியும் பதியாத மாணவனுக்கு அங்கு பதியும் என்பது என் நம்பிக்கை.

இறுதியாக, அச்சம் பற்றி. இருளும் தீயின் தோற்றமும் திடீர் ஓசைகளும் கலந்த அரங்குகள் இத்தகைய பூங்காக்களில் உள்ளன. ஓராண்டு நம்முடன் வந்த தாயொருவர், எங்கிருந்தோ எழுந்த வெடியோசை கேட்டதும் நடைபாதையிலேயே குந்தித் தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியவர் அவர். மாணவர் சிலர் சிரித்தனர். அவருடைய மகள் சிரிக்கவில்லை; அருகில் அமர்ந்து தாயின் முதுகைத் தடவியபடி இருந்தாள். அச்சத்தை விலைகொடுத்து வாங்குவோரும், அச்சத்திலிருந்து தப்பி வந்தோரும் நம் குடும்பங்களில் ஒரே மேசையில் உண்கின்றனர். ‘நான் ஏறவில்லை’ என்று ஒருவர் சொன்னால், தந்தையாயினும் தம்பியாயினும், ஏன் என்று இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை. தாமாக விரும்பி ஏறி மகிழ்ந்த முதியோரும் உளர். அவர்களையும் தடுக்க வேண்டியதில்லை.

விடுமுறைப் பயிற்சியாக ஒரு கணக்குத் தருகின்றேன். புளூ ஃபயர் ஓய்விலிருந்து 2.5 செக்கனில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை அடைகின்றது. அதன் சராசரி ஆர்முடுகலைக் காண்க. கையிலிருந்து விழும் கல்லின் ஆர்முடுகலினும் அது கூடியதா, குறைந்ததா? சிறுவகுப்பு மாணவர், தாம் கண்ட அறிவித்தற் பலகை ஒன்றை ஒரு சொல்லும் விடாது தமிழில் எழுதிப் பெற்றோரிடம் வாசித்துக் காட்டி, அவர்தம் ஒப்பத்துடன் விடுமுறைக்குப் பின் வரும் முதல் வகுப்புக்குக் கொண்டுவருக.