மலை ஈரத்தில் பழைய டிராக்டருக்கு ஒரு மரக்கொட்டகை

பழனி மலைத்தொடரில் பழைய டிராக்டரை அரிப்பது மேலே விழும் மழையைவிட உள்ளே தங்கும் ஈரம்தான். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 1,650 மி.மீ. அளவில் பெய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஜூன் தொடங்கினால் பலத்த காற்றும் சாரலும், இடைப்பட்ட மாதங்களிலும் பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனி என்று ஈரம் ஓயாத ஊர் அது. மழை நனைத்த இரும்பு வெயில் வந்தால் காயும். இருட்டறையில் அடைபட்ட இரும்புக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரவில் டிராக்டரின் வார்ப்பிரும்பு உடல் முழுக்கக் குளிர்ந்துவிடும். அவ்வளவு கனமான இரும்பு காலையில் சூடேற நெடுநேரம் ஆகும். அதற்குள் வெளிக்காற்று வெதுவெதுப்பாகி, ஈரத்தோடு உள்ளே வந்து இரும்பில் பட்டதும் நீர் துளிர்க்கிறது. ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும் என்பதால், சொட்டாத ஈரமும் கெடுதல்தான். காற்றோட்டம் வைத்தால் நீர் துளிர்ப்பது அடியோடு நின்றுவிடாது. ஆனால் துளிர்த்த நீர் நண்பகலுக்குள் உலர்ந்துவிடும். அதனால் இந்த மலையில் கொட்டகை கட்டுவோருக்கு முதல் வேலை தரையை ஈரம் ஏறாமல் செய்வது, இரண்டாவது கூரை, மூன்றாவது காற்று வரவும் போகவும் வழி. சுவர் கடைசியில்தான் வரவேண்டும். பெரும்பாலான கொட்டகைகள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்தே கட்டப்படுகின்றன.

அளவைத் தீர்மானிக்க வண்டியைத் தெரிந்திருக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் தேடும் ஃபெர்குசன் டிஇ20, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர் 1959-இல் ஃபரிதாபாத்திலிருந்து வந்த ஐஷர். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் வண்டிகளே தமிழ்நாட்டில் பழைய டிராக்டர் என்றதும் கண்ணில் படுபவை. இந்த வகை வண்டிகள் ஏறத்தாழ 3 மீட்டர் நீளம், 1.6 முதல் 1.8 மீட்டர் அகலம், ஒன்று முதல் ஒன்றேமுக்கால் டன் எடை. அந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு கொட்டகை போட்டால் வண்டியை நிறுத்தலாம், பழுது பார்க்க முடியாது.

இவற்றில் பலவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சுப் பெட்டி ஆகியவையே ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்து வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. கிளட்ச் தட்டை மாற்ற வேண்டுமென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்து, முன்பாதியை உருட்டித் தள்ளியாக வேண்டும். அதற்கு ஒரு மீட்டர் கூடுதல் நீளம் வேண்டும். கைப்பிடி சுற்றி எஞ்சினைக் கிளப்பும் வண்டியானால் முன்னால் ஆள் நின்று சுற்ற ஒரு மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். பின்னால் கலப்பை மாட்டியிருந்தால் அதற்கும் சேர்த்து, உள்ளளவு 6 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் வசதியாக இருக்கும். வாசல் 2.4 மீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது. உயரத்தை அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்காரவைத்தும், புகைக்குழாய் மேல்நோக்கி நின்றால் அதன் நுனியையும் சேர்த்தும் அளக்க வேண்டும்.

இடம் பார்க்கும்முன் அனுமதி. மலையில் கட்டடம் எழுப்ப, சிறியதானாலும், அந்தப் பகுதியின் நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலில் கேட்டுவிட வேண்டும். மண் அள்ளும் பெரிய இயந்திரங்களுக்குக் கொடைக்கானலில் கட்டுப்பாடு உண்டு. இந்த அளவுக் கொட்டகைக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தையும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு முன் அனுமதி வேண்டும்.

சரிவில் இடம் தேர்ந்தால் வெட்டி எடுத்த பக்கமே நல்லது. மண் கொட்டி நிரப்பிய பக்கம் இரண்டு மூன்று மழைக்காலம் இறங்கிக்கொண்டே இருக்கும்; அதன்மேல் நிற்கும் தூண் சாய, கதவு பிடிக்க ஆரம்பிக்கும். வெட்டிய மேட்டுக்குச் சாந்து பூசாத கருங்கல் கட்டு போட்டு, அதன் அடியில் ஒரு வாய்க்கால் எடுத்தால் மேட்டிலிருந்து கசியும் நீர் கொட்டகைக்குள் வராமல் பக்கவாட்டில் வடிந்துவிடும். உயர்ந்த யூக்கலிப்டஸ், வாட்டில் மரங்களின் விழுதூரத்துக்குள் கட்டக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்த மரங்கள் ஏராளம்.

பாதை 8 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறாமல் இருக்கட்டும். மேட்டில் முன்பக்கமாக முறுக்கி ஏற்றும்போது டிராக்டரின் முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழும் ஆபத்து உண்டு. ஏறுவது பின்பக்கமாக, இறங்குவது முன்பக்கமாக என்பது சரிவில் டிராக்டர் ஓட்டுவோர் மீறக் கூடாத முறை. ஆகவே பாதையைவிடக் கொட்டகை சற்று மேட்டில் இருந்தால் வண்டி பின்பக்கமாக நுழைந்து, முகம் வாசலைப் பார்த்து நிற்கும். எஞ்சின் பக்கத்துக்கு வெளிச்சமும் கிடைக்கும்.

தரையில் செலவைக் குறைக்கவே கூடாது. வெறும் மண் தரையிலிருந்து ஆண்டு முழுவதும் ஈரம் மேலேறி, நேராக வண்டியின் அடிப்பாகத்தில் படியும். மேல்மண்ணை வழித்துவிட்டு, 15 செ.மீ. ஜல்லி பரப்பித் திமிசு போட்டு, அதன்மேல் கனத்த பாலித்தீன் தாளை ஓரங்களில் மடித்து ஏற்றி விரித்து, 12 செ.மீ. கான்கிரீட் போடுவது போதுமான முறை. டிராக்டரின் எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்களில் இறங்குவதால் அந்த இரண்டு தடங்களிலும் கம்பி கட்டுவது நல்லது. பணம் பற்றாவிட்டால் சக்கரத் தடங்களுக்கு மட்டும் கான்கிரீட் போட்டு, நடுவில் பாலித்தீன் தாளும் ஜல்லியுமாக விடலாம். தாளை மட்டும் விட்டுவிடக் கூடாது. வாசலை நோக்கி 1 மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுத்தால் கழுவிய நீர் வெளியேறும். மரக்கொட்டகை என்பதற்காகத் தரையையும் பலகையால் போடுவது இங்கே ஒத்துவராது. எண்ணெய் ஊறிய பலகை வழுக்கும், தீப்பிடிக்கும். அடியில் பூஞ்சையும் பிடிக்கும்.

மரம் எது என்பதில்தான் அதிகம் பேசப்படுகிறது. மலையில் சுற்றிலும் தெரிபவை யூக்கலிப்டஸ், வாட்டில், பைன், சைப்ரஸ். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்மலையில் காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக். யூக்கலிப்டஸ் பலம் மிக்கது, ஆனால் நார் முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். பச்சையாக அறுத்த பலகை காயும்போது வளைந்து, நுனியில் பிளந்து, ஆணியையே பிடுங்கிக்கொண்டு வரும். அதைத் தூணாக, முழு உருளையாகப் பட்டை உரித்துப் பயன்படுத்துவது பொருந்தும். பைன் அறுக்கவும் இழைக்கவும் இலகு, ஆனால் மருந்து ஏற்றாவிட்டால் இந்த ஈரத்தில் நிலைக்காது. சில்வர் ஓக்கும் அப்படியே, துளைப்பூச்சிக்கு விருந்து. சைப்ரஸின் வைரப்பகுதி இயல்பிலேயே பூஞ்சையைத் தாங்கும் என்பதால் சுவர்ப் பலகைக்கு முதல் தேர்வு அதுவே. தூணுக்கும் விட்டத்துக்கும் கையில் காசிருந்தால் வேங்கை அல்லது தேக்கை மரக்கடையில் ரசீதோடு வாங்கிவிடுவது நிம்மதி.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அழுகல் பூஞ்சை வளராது. ஓர் அங்குலப் பலகைக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு. மூடுபனி ஊரில் அதற்கு மேலும் ஆகும். தரையிலிருந்து தூக்கி, அடுக்குக்கு அடுக்கு குச்சி வைத்து, மேலே தகரம் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்க வேண்டும். மருந்து என்றால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது வீட்டளவில் செய்யக்கூடியது. ஆனால் அது மழையில் கரைந்து போகும் என்பதால் கூரைக்கு அடியில் நனையாத மரத்துக்கே உதவும். கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசுவது பரவலான வழக்கம். அதைக் கைவிட வேண்டும். இந்த மலையில் ஊறி இறங்கும் நீரே ஓடைகளாகிக் கீழே பல ஊர்களுக்குக் குடிநீராகிறது.

தமிழ் வீடுகளின் முற்றத்துத் தூண்களைப் பார்த்தால் ஒன்று புரியும். எந்தத் தூணும் நேரே மண்ணில் நிற்பதில்லை, கல்லின்மேல்தான் நிற்கும். மரம் முதலில் உளுத்துப்போவது மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் அளவில்தான். கொட்டகைத் தூண்களையும் தரையிலிருந்து 30 செ.மீ. உயர்ந்த கல் அல்லது கான்கிரீட் பீடத்தின்மேல், துத்தநாகம் பூசிய இரும்புப் பிடியில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். பீடம் கடைக்காலோடு பிணைந்திருக்கட்டும். மரக்கட்டடம் எடை குறைந்தது. பள்ளத்தாக்கு விளிம்பில் காற்று அதை அழுத்துவதைவிட மேலே தூக்கவே பார்க்கும். ஒவ்வொரு மூலையிலும் குறுக்குச் சட்டம், தூணுக்கும் விட்டத்துக்கும் இடையே போல்ட், விட்டத்துக்கும் கைமரத்துக்கும் இடையே இரும்புப் பட்டை என்று கூரையிலிருந்து கடைக்கால்வரை பிணைப்பு அறுபடாமல் இறங்க வேண்டும். எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியைக் கூரை உத்திரத்தில் மாட்டக் கூடாது. அதற்குத் தரையில் ஊன்றிய தனி இரும்புச் சட்டம் வேண்டும்.

கூரைக்குத் தகரமே பொதுவான தேர்வு. ஆனால் தெளிந்த இரவில் தகரம் சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்து, அடிப்பக்கத்தில் வியர்த்து, விடியற்காலையில் வண்டியின்மேல் சொட்டும். வெளியே ஒரு துளி மழையில்லை, உள்ளே பானெட் நனைந்திருக்கிறது என்றால் காரணம் இதுதான். கைமரத்தின்மேல் பலகை பரப்பி, நீர் புகாத தாள் விரித்து, அதன்மேல் ரீப்பர் அடித்துத் தகரம் போட்டால் இடையில் இரண்டு விரற்கடை காற்று ஓடும்; சொட்டும் நீர் தாளின்மேல் வழிந்து இறவாரத்தில் இறங்கும். சரிவு 25 பாகைக்குக் குறையாமலும், இறவாரம் சுவரைத் தாண்டி 60 செ.மீ. நீண்டும் இருக்க வேண்டும். சாரல் இங்கே பக்கவாட்டில்தான் வரும். இறவாரத்தின் அடியிலும் முகட்டிலும் விட்ட திறப்புகள் வழியே காற்று கீழிருந்து நுழைந்து மேலே வெளியேறும். திறப்புகளுக்குப் பொடிக்கண் கம்பி வலை அடிப்பது கட்டாயம். எலி நுழைந்தால் முதலில் கடிப்பது டைனமோ ஒயரை.

சுவர்ப் பலகைகளை நெடுக்காக நிறுத்தி, இடைவெளிகளின்மேல் மூடுசட்டம் அடிப்பது மழைக்கு ஏற்றது. நீர் நார் வழியே நேராக இறங்கிவிடும். மார்ச்சில் காய்ந்த பலகை நவம்பரில் அகலத்தில் உப்பும். அதனால் பலகையை நடுவில் மட்டும் ஆணியடித்து, மூடுசட்டத்தின் ஆணி ஒரு பலகையையும் துளைக்காமல் இடைவெளி வழியே சட்டத்தில் இறங்கும்படி செய்தால் பலகை விரியவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். அடிநுனியைச் சாய்வாக வெட்டி, தரையிலிருந்து 20 செ.மீ. மேலேயே நிறுத்தி, வெட்டுமுகத்தில் இரண்டுமுறை எண்ணெய் ஊட்ட வேண்டும். துத்தநாகம் பூசாத ஆணி கூடாது. வாட்டிலை இந்த மலையில் நட்டதே தோல் பதனிடும் துவர்ச்சத்துக்காகத்தான்; யூக்கலிப்டஸிலும் அது உண்டு. ஈரத்தில் அந்தத் துவர் இரும்போடு சேர்ந்தால் பலகை கறுத்து, ஆணியும் கரையும்.

கதவு இரட்டைக் கதவாக, வெளியே திறப்பதாக, ஒவ்வொன்றும் குறுக்குச் சட்டத்தோடு இருக்கட்டும். சாய்ந்த சட்டத்தின் கீழ்முனை கீல் பக்கத்தில் இருந்தால்தான் கதவு தொய்யாது. எதிர்ச்சுவரிலும் ஒரு சன்னல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது புகை வெளியேற அதுவே வழி. காட்டுமாடு முதுகு தேய்க்கும் ஊர் இது. மூலைத் தூண்களுக்கு வெளியே ஒரு கல் நட்டுவைப்பது உதவும். ஜனவரி முதல் மழை தொடங்கும்வரை காட்டுத்தீக் காலம் என்பதால் சுற்றிலும் 3 மீட்டருக்குப் புல்லைச் செதுக்கி, டீசலையும் பெட்ரோலையும் வேறிடத்தில் வைக்க வேண்டும். அதே மாதங்கள்தாம் கட்டுமானத்துக்கும் ஏற்றவை. கோடைமழை இறங்குமுன் கூரை ஏறிவிட வேண்டும்.

கட்டி முடித்த கொட்டகையில் டிராக்டரை நிறுத்தும் முறையும் கட்டுமானத்தின் பகுதியே. பழைய பிரேக்கை நம்பாமல் சக்கரத்துக்கு அடைக்கட்டை வைக்க வேண்டும். டீசல் தொட்டி நிரம்பியிருந்தால் உள்ளே நீர் துளிர்க்க வெற்றிடம் இருக்காது. மேல்நோக்கிய புகைக்குழாயை ஒரு டப்பாவால் மூடி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடலாம். மாதமொரு முறை எஞ்சினைக் கிளப்புவோர் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி குளிர்ந்த எஞ்சினுக்குள்ளேயே தங்கி ஆயிலில் கலந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை, அரைமணி நேரமாவது, வெளியே எடுத்து ஓட்ட வேண்டும். முடியாத மாதத்தில் கிளப்பாமலே விட்டு, கதவு இரண்டையும் வெயில் நேரத்தில் திறந்துவைப்பது வண்டிக்கு நல்லது.